டெல்லி வெயிலுக்குப் போட்ட தார்: இரண்டு கோடைகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மயூர் விஹார் முதல் கட்டத்தில் உள்ள எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பின் உட்பாதைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் 2023 ஏப்ரலில் புதிதாகத் தார் போட்டோம். ஒப்பந்ததாரரைத் தேடியது முதல் கடைசித் தவணையைக் கொடுத்தது வரை நிர்வாகக் குழுவின் சார்பில் நான் கூடவே நின்றேன். வேலையை எடுத்துச் செய்தது கிழக்கு டெல்லியில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனம். நிறையோடு குறையையும் சொல்லப்போவதால் அதன் பெயரை எழுதவில்லை. சுடச்சுடக் கலவையைக் கொண்டுவந்து விரித்து உருட்டுவதில் அவர்களை முழுக்க நம்பலாம். மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பதில் நம்ப முடியாது. இதுவே என் முடிவு. இதே வேலையைச் செய்யவிருக்கும் மற்ற குடியிருப்புக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முன்பிருந்த தளம் வேறொருவர் போட்டது. மே மாதத்தில் காலையில் அதன்மேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் எடுக்கப் போனால் சைடு ஸ்டாண்ட் அரை விரற்கடை புதைந்திருக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் வைப்பதற்கென்றே ஆளுக்கொரு தகரத் துண்டு வைத்திருந்தோம். காற்று 44 டிகிரி காட்டும் நாளில் கறுப்புத் தளத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதையும், அந்தச் சூட்டில் இளகுவதும் தாங்குவதும் தாரின் ரகத்தைப் பொறுத்தது என்பதையும் அப்போது நாங்கள் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. போதாக்குறைக்கு, பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டு வந்ததால் பாதை உயர்ந்துகொண்டே போயிற்று. தரைத்தளத்தில் இருக்கும் மாமி ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "ஒவ்வொரு தடவை தார் போடறச்சேயும் எங்காத்து வாசப்படி ஒண்ணு குறையறது. இந்தத் தடவையும் அப்படியே பண்ணினேள்னா மழைத்தண்ணி நேரே கூடத்துக்குத்தான் வரும், பாத்துக்கோங்கோ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் பழைய தளத்தை இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுப்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக ஏறியது.

விலைப்புள்ளி கொடுத்த நான்கு பேரில் மூவர் சதுர அடிக்கு இவ்வளவு என்றார்கள். பின்னர் எங்கள் வேலையைச் செய்த இந்த நிறுவனத்தார் மட்டும் தாரின் ரகத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். ஐஎஸ் 73 என்ற இந்தியத் தரநிர்ணயம், 60 டிகிரிச் சூட்டில் தார் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அளந்து அதை விஜி-10 முதல் விஜி-40 வரை நான்கு ரகங்களாகப் பிரிக்கிறது. ஏழு நாள் உச்ச வெப்பத்தின் சராசரி 38 முதல் 45 டிகிரி வரை போகும் ஊருக்கு விஜி-30, அதற்கும் மேல் போனால் விஜி-40 என்பது 2013 திருத்தத்தில் உள்ள கணக்கு. தண்ணீர் லாரியும் குப்பை லாரியும் நின்று திரும்பும் வாயில் பகுதிக்கு விஜி-40, மற்ற இடத்துக்கு விஜி-30 என்று அவர்களே பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். கூலியையும் சதுர அடிக்குப் பேசாமல் டன்னுக்குப் பேசினார்கள். எங்கள் பரப்பு 1,400 சதுர மீட்டர். அதை 40 மில்லிமீட்டர் கனத்துக்கு இறுக்கி முடிக்க ஏறக்குறைய 130 டன் கலவை வேண்டும். லாரிக்கு லாரி எடைமேடைச் சீட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தால் கனம் குறைந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். சதுர அடிக் கணக்கில் 40 மில்லிமீட்டர் 25 ஆனாலும், உருட்டி முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், தார் வேலைக்கு ஆள் பார்ப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் எடைச் சீட்டுத் தருவீர்களா என்றுதான் கேட்க வேண்டும்.

பகலில் கனரக லாரிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால் வேலை இரண்டு இரவுகளில் நடந்தது. சுரண்டிப் பெருக்கிய தரையில் முதலில் எமல்ஷன், அதாவது நீரில் கலந்த தார், தெளித்தார்கள். பழுப்பாக விழும் அந்தத் திரவம் கறுப்பாக மாறினால்தான் அதிலுள்ள நீர் பிரிந்து, மேலே வரும் கலவையைப் பிடித்துக்கொள்ளும் பக்குவத்துக்கு வந்ததாக அர்த்தம். லாரி வந்து நின்ற பிறகும் அந்த நிறம் மாறும்வரை மேற்பார்வையாளர் யாரையும் அவசரப்பட விடவில்லை. பிறகு தார்ப்பாயை விலக்கி, குவியலுக்குள் நீளமான கம்பி வெப்பமானியைச் செருகினார். 152 டிகிரி. விஜி-30 கலவையை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, உருட்டி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. போனால் மேல்பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகாது, முதல் மழையிலேயே கல் கிளம்பிவிடும்.

மூன்றாவது லாரி நெரிசலில் சிக்கி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. வெப்பமானி 121 காட்டியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேற்பார்வையாளர் ஓட்டுநரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அதற்கான நட்டத்தை எங்கள் கணக்கில் எழுதவும் இல்லை. ரோலர் சக்கரத்தில் கலவை ஒட்டாமலிருக்கத் தண்ணீர் மட்டுமே விட்டார்கள். டீசல் தடவினால் வேலை சுலபம்தான்; ஆனால் டீசல் தாரையே கரைத்துவிடும். இந்த இரண்டு இரவுகளில் நான் பார்த்த ஒழுங்கு, எத்தனையோ பெரிய சாலைப் பணிகளில்கூடக் கண்ணில் பட்டதில்லை.

பாதையோர வேப்பமரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் இடத்தை மண்ணாகவே விட்டார்கள். மரத்தைச் சுற்றிய கான்கிரீட்டை அந்த அளவுக்கு அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு இட்ட உத்தரவு இவர்களுக்கு நினைவிருந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட வழியில், சூடான ஜல்லியின் மேல் கழிவு பிளாஸ்டிக்கைப் பூசி அதன்பின் தார் சேர்த்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். நம் ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பை நம் வாசலில் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். எங்களுடையது போன்ற சிறிய அளவுக்குக் கலவை ஆலை சம்மதிக்கவில்லை.

வெயிலை இந்தத் தளம் தாங்கிவிட்டது. 2024 மே 29 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அந்த வாரம் முழுவதும் தினமும் பிற்பகலில் இறங்கிப் பார்த்தேன். ஸ்டாண்ட் புதையவில்லை, வாயிலில் தண்ணீர் லாரியின் சக்கரத்தடம் பள்ளமாகவில்லை. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும் கார்களால் இரண்டு மூன்று இடங்களில் மேற்பரப்பு சற்றுத் தேய்ந்திருந்தது. அது எந்தத் தளத்திலும் வருவதுதான்.

குறை முழுவதும் தண்ணீரில். தார்த்தளத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். மின்மாற்றிக்கு அருகிலுள்ள மூலையில் அது அரை சென்டிமீட்டர்கூட இல்லை என்பது 2023 ஜூலை 9 காலையில் தெரிந்தது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் டெல்லியில் 153 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் மதியத்துக்குள் வடிந்துவிட, அந்த மூலையில் மட்டும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் மூன்று நாள் நின்றது. நின்ற நீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பை உரித்துவிடும். குளிர்காலம் முடிவதற்குள் அங்கே கை வைத்தால் கல் உதிர்ந்தது. 2024 ஜூன் 28 அன்று 228 மில்லிமீட்டர் மழை பெய்தபோது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குழி விழுந்தது. தரையின் பழைய மட்டமே அப்படித்தான் இருந்தது என்பது அவர்கள் சொன்ன பதில். சுரண்டி எடுத்த பிறகு மட்டத்தைச் சரிசெய்வது தார் போடுபவரின் வேலையே தவிர, குடியிருப்போர் வேலை அல்ல. இதைவிட வருத்தம் தந்தது அவர்கள் பார்த்த ஒட்டுவேலை. ஈரம் காயாத குழிக்குள், சூடாக்காமலே போடும் மூட்டைக் குளிர்கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனார்கள், மூன்று வாரத்தில் அது பெயர்ந்தது. குழியைச் சுற்றி நல்ல தளம் வரை சதுரமாக வெட்டி, காயவைத்து, பக்கங்களில் எமல்ஷன் தடவி, சூடான கலவையை நிரப்பி இறுக்குவதுதான் முறை என்பது, அந்த இரண்டு இரவுகளையும் அவ்வளவு ஒழுங்காக நடத்தியவர்களுக்குத் தெரியாததல்ல.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நாலு வாளித் தண்ணீரை ஊற்றி ஓட்டத்தைப் பார்த்திருந்தால் அந்த மூலை அன்றே பிடிபட்டிருக்கும். அதை நான் செய்யவில்லை.

எங்கள் கடைத்தெருவில் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு இவர்களையே கூப்பிட்டுத் தம் கடை முகப்பில் பத்துக்கு எட்டு அடி இடத்துக்குத் தார் போட்டுக்கொண்டார். சிறிய அளவுக் கலவை வழியிலேயே ஆறிவிடுகிறது, பெரிய ரோலரும் உள்ளே வராது. கையால் இடித்துப் போட்ட அந்த இடம் ஆறே மாதத்தில் சொரசொரத்துப்போனது. இவ்வளவு சின்ன இடத்துக்கு சிமென்ட் பேவர் கற்கள் பதிப்பதே நல்லது என்பேன்.

வருடாந்தரப் பராமரிப்புக்கும் இவர்களிடமே ஒப்பந்தம் போட்டிருந்தோம். விரிசல்களை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து அடைப்பதில் குறையில்லை. சொன்ன தேதிக்கு வருவதுதான் கிடையாது. மழை ஓய்ந்ததும் காற்று மாசுக் கட்டுப்பாடுகள் கட்டுமான வேலைகளை நிறுத்திவைக்கும் காலம் தொடங்கிவிடுவதால், டெல்லியில் இந்த வேலைக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மூலையை வெட்டி வாட்டம் திருத்தித் தர அக்டோபர் முதல் வாரத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பராமரிப்புத் தொகையில் பாதியை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறோம்.