தஞ்சை வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம்: ஜெர்மனி எம்.எஸ்சி.க்கு மட்டும் போங்கள்

புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இந்த மையம் ஜெர்மனி எம்.எஸ்சி. விண்ணப்பங்களில் கெட்டி. முதலில் பெயரைத்தான் பார்க்கிறார்கள். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இதே கதை. அதனால் நோட்டரி பிரமாணப் பத்திரத்தை முன்கூட்டியே வாங்கிவிடச் சொல்கிறார்கள். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது; கட்டணம் 18,000 ரூபாய்) 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்குகிறார்கள். பிளாக்டு அக்கவுண்டில் (ஜெர்மனியில் வாழ்க்கைச் செலவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு) போடும் 11,904 யூரோ செலவல்ல, உங்கள் பணமே; மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். இதையும் தெளிவாகச் சொல்கிறார்கள்.

தொழிற்பயிற்சி, பிஎச்.டி. என்றால் தடுமாற்றம்தான். டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) உதவித்தொகை விண்ணப்பத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பது அநியாயம். அந்த அமைப்பு ஒரு பைசா வாங்குவதில்லை. பிஎச்.டி.க்கு ஆய்வுச் சுருக்கத்தோடு பேராசிரியருக்கு நேரே மெயில் அனுப்புங்கள்.