ஆக்டோபஸ், ஸ்பேர் ஏர், போனி: மாற்றுக் காற்றுக்கு எது?

ஸ்கூபா டைவிங்கில், அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக் கடலுக்கடியில் நீந்தும்போது, காற்று தீர்ந்தால் மாற்றுக்கு ஆக்டோபஸ் மட்டும் போதும் என்றுதான் வெகுநாள் இருந்தேன். அதே சிலிண்டரில் இன்னொரு வாய்முனை, பெரும்பாலும் மஞ்சள் நிறம். வாடகை செட்டிலேயே வந்துவிடும், தனிச் செலவில்லை. ஆனால் அது கூட இறங்கும் கூட்டாளிக்கு நாம் கொடுப்பதற்கு. என் சிலிண்டர் தீர்ந்தால் என் ஆக்டோபஸும் தீர்ந்தது. அப்போது நான் அவருடையதைத் தேடிப் போக வேண்டும். புதுச்சேரியில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும் நாளில் எங்கே தேடுவது? அதனால் போன வருடம் 3 லிட்டர் போனி, அதாவது தனியாகக் கொண்டுபோகும் சின்ன மாற்றுச் சிலிண்டர், வாங்கினேன்.

முதலில் மனம் சாய்ந்தது ஸ்பேர் ஏர் பக்கம். தண்ணீர் பாட்டில் அளவுச் சிலிண்டர், அதன் தலையிலேயே வாய்முனை, இடுப்பில் செருகிக்கொள்ளலாம். கடலில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேற வைத்திருப்பதும் இந்த வகைதான். மேல்மட்டத்தில் அது போதும். 30 மீட்டர் ஆழத்தில் போதுமா என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பேன் என்று வையுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் இழுக்கும் காற்றும் நான்கு மடங்கு. என்ன ஆயிற்று என்று புரிந்து கிளம்பவே ஒரு நிமிடம்: 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு ஏற சுமார் மூன்று நிமிடம்: ஏறத்தாழ 250. அங்கே பாதுகாப்புக்காக மூன்று நிமிட நிறுத்தம்: 135. கடைசி 5 மீட்டருக்கு இருபது, இருபத்தைந்து. மொத்தம் 530 லிட்டர். போனியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 600. பெரிய ஸ்பேர் ஏரில் 85 லிட்டர்; 30 மீட்டரில் முக்கால் நிமிடம்கூடத் தாங்காது. அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

போனியில் தொல்லை இல்லாமல் இல்லை. அதற்குத் தனி ரெகுலேட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குக் காற்றுத் தரும் கருவி), அதற்கும் வருடாந்திர சர்வீஸ், சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை, ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலசல். முதுகில் கட்டாமல் இடப்பக்கம் தொங்கவிடுகிறேன். அழுத்தம் காட்டும் கேஜும் வால்வும் கண்ணெதிரே இருக்கும். தவறுதலாக அதையே வாயில் வைத்து இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் குதிக்கும் முன் எந்தக் கேஜ் இறங்குகிறது என்று பார்த்தே மூச்சிழுக்கிறேன். அப்புறம், அந்த 600 லிட்டரை டைவ் திட்டத்தில் ஒருபோதும் சேர்ப்பதில்லை.

ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கத்தைக் காக்க நடுவில் பிரிப்பு வால்வு வைத்த இரட்டைச் சிலிண்டர் இன்னும் உறுதியானது என்பார்கள். நான் அதில் இறங்கியது மூன்றே முறை. படகில் எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

விமானத்தில் போனால்தான் சிக்கல். சிலிண்டரைக் காலி செய்து வால்வைக் கழற்றச் சொல்வார்கள். எனவே ரெகுலேட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, போகுமிடத்தில் சின்ன சிலிண்டர் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்கிறேன். இல்லையென்றால் அந்தப் பயணம் முழுக்க 18 மீட்டருக்குக் கீழே போவதில்லை, கூட்டாளியின் கை எட்டும் தூரத்தை விட்டு விலகுவதுமில்லை.