லெவல் எடுக்கக் காசு வாங்கிவிட்டு எக்செல் தந்தார்கள்: யாழ்ப்பாணத்தவர் கவனத்துக்கு

வாய்க்கால் வெட்டவோ, பள்ளக் காணிக்கு மண் போடவோ யாரிடமாவது லெவல் எடுக்க, அதாவது நிலத்தின் உயரங்களை அளக்கக் கொடுக்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

கோண்டாவில் பக்கம் எங்கள் ஒழுங்கையில் கார்த்திகை மழைக்கு வெள்ளம் நிற்பது வழமை. 2020 இல் புரெவிப் புயல் வந்தபோது கிணற்றுக்கட்டு மட்டத்துக்கே தண்ணீர் ஏறிவிட்டது. அயலவர்கள் காசு சேர்த்து, குளத்துக்கு ஒரு வாய்க்கால் இறக்கத் தீர்மானித்தோம். எங்கு எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக எஞ்சினியர் சொன்னார். அந்த வேலையை ஓர் அளவைக் கந்தோரிடம் கொடுத்தோம். பெயர் இங்கே வேண்டாம்.

இரண்டு பெடியன்கள் முக்காலியோடு வந்தார்கள். மூலைகளில் ஜிபிஎஸ் வைத்தார்கள், மாமரத்தடியில் தேத்தண்ணி குடித்தார்கள், வெயில் ஏற முதல் போய்விட்டார்கள். பிறகு ஒரு எக்செல் கோப்பு வந்தது. கிழக்கு, வடக்கு, உயரம் என்று நிரல்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

உயர நிரலில்தான் கண் தடக்கியது. 5.00, 5.00, 6.00, 12.00, 5.00. கடைசி வரை எல்லாமே .00. போன் எடுத்துக் கேட்டேன்.

"தம்பி, ஒரு இடத்திலயாவது அஞ்சே கால், அஞ்சரை எண்டு வராதா?"

"அண்ணை, யாழ்ப்பாணம் தட்டையான இடம்தானே. அப்பிடித்தான் வரும்."

சரி என்று புள்ளிகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, கீழே செய்மதிப் படத்தை வைத்தேன். மிளகாய்ப் பாத்தி நட்டதுபோல நேர்நேர் வரிசை. ஒரு புள்ளி பக்கத்து வீட்டுக் கூரையில், இன்னொன்று கிணற்றின் நடுவில்! புள்ளிக்குப் புள்ளி கிழக்கு மேற்காக 30.5 மீற்றர், வடக்கு தெற்காக 30.7. எங்கள் அகலாங்கில் ஒரு பாகை விநாடியின் நீளம் அதுதான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் கட்டமும் ஒரு பாகை விநாடிதான்.

அந்தத் தரவையே இறக்கி, 'சாம்பிள் ராஸ்டர் வால்யூஸ்' என்ற கருவியால் அவர்களுடைய ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் எடுத்து, கழித்துப் பார்த்தேன். நிரல் முழுக்கப் பூச்சியம். படக்கட்டங்களைப் புள்ளிகளாக மாற்றி, ஆள்கூறுகளை இலங்கை வரைபடங்களின் மீற்றர் ஆள்கூற்று முறைக்கு மாற்றி, உயரத்துக்குப் பின்னால் இரண்டு பூச்சியம் ஒட்டியிருக்கிறார்கள். கை பழகியவருக்குத் தேத்தண்ணி ஆற முதல் முடிகிற வேலை.

இலவசத் தரவு என்பதற்காக அதில் பிழை சொல்லவில்லை. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடாரால் எடுத்த உயரங்கள் அவை. நுவரெலியாப் பக்கம் எந்த மலையிலிருந்து எந்த ஆற்றுக்கு நீர் வடிகிறது என்று பார்க்க நல்ல சாமான். ஆனால் உயரம் முழு மீற்றரில்தான் இருக்கும். அந்தத் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பிழை வரம்பே 16 மீற்றர். எங்கள் குடாநாட்டில் பெரும்பாலான இடம் 10 மீற்றருக்கும் கீழே. ஒரு கட்டத்துக்குள் கிட்டத்தட்ட நாலு பரப்புக் காணி அடங்கிவிடும். அதற்கு ஒரே ஒரு உயரம். வீதி எது, வளவு எது, மதகு எது என்று அதற்குத் தெரியாது. ராடார் அலை மர வட்டுகளிலும் பட்டுத் திரும்புவதால், ஒழுங்கை முடிவிலுள்ள பனங்கூடல் எக்செலில் 12 மீற்றர் மேடாக நின்றது. அந்த மேட்டை நம்பியிருந்தால் வாய்க்காலை எதிர்ப்பக்கம் இறக்கியிருப்போம்.

ஜிபிஎஸ்ஸில் எடுத்த மூலைகள் எங்கே என்று கேட்டபோது அந்தத் தாளையும் அனுப்பினார்கள். அதில் உயரம் கழித்தல் 90 சொச்சம். ஜிபிஎஸ் தருவது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்த ஒரு நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். இலங்கைப் பக்கம் கடல்மட்டமே அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு கீழே கிடக்கிறது. அதைத் திருத்தத் தெரியாமல் தூக்கி எறிந்துவிட்டு, இணையத்தில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அளந்தது அந்த நாலு மூலைகளை மட்டும்தான். அதையும் பாவிக்கவில்லை.

ஆகவே வேலை கொடுக்க முதல், எந்த மட்டக்குறியிலிருந்து (உயரம் ஏற்கெனவே தெரிந்த நிலையான குறி) தொடங்குகிறீர்கள் என்று கேளுங்கள். அளவீடுகளைக் களத்தில் எழுதும் லெவல் புத்தகத்தின் பிரதியும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடியபோது எவ்வளவு வித்தியாசம் என்பதும் வேண்டும் என்று எழுத்திலே போடுங்கள். கோப்பு வந்தால் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். மனிதன் அளந்த புள்ளி வீதி ஓரம், மதில் மூலை, மதகுத் தலை என்று ஒழுங்கில்லாமல்தான் கிடக்கும். உயரத்தில் தசமம் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்த எஸ்ஆர்டிஎம் தரவையே மென்பொருளில் இடைக்கணித்தால் (புள்ளிகளுக்கு இடைப்பட்ட உயரத்தைக் கணக்கால் ஊகித்தால்) எத்தனை தசமமும் வரும்.

பிறகு லெவல் மெசினும் ஸ்டாஃப் கட்டையும் வைத்து வேறொருவர் எடுத்தார். ஒழுங்கையின் இரண்டு அந்தத்துக்கும் இடையே 38 சென்ரிமீற்றர் இறக்கம், பனங்கூடல் பக்கமாக. முதல் கந்தோர் பாதிக் காசைத் திருப்பித் தந்தது. மிச்சத்தைக் கேட்டால், "பெடியன்கள் வந்து நிண்டவங்கள்தானே அண்ணை" என்கிறார்கள்.