ட்ரோனுக்கு ரெண்டு ஸ்டார், கோடாலிக்கு அஞ்சு

தென்னாப்பிரிக்காவில் ரிச்மண்ட் பக்கம் மாமனாருக்கு ஆறு ஹெக்டேர் பைன் தோப்பு இருக்கிறது. பட்டுலா வகை, ஊசியிலை சடைசடையாகத் தொங்கும். புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதி முடிந்து அங்கே போனால், அங்கங்கே மரங்கள் செங்கல் நிறத்தில் காய்ந்து நின்றன.

மாமாவுக்கு உடனே சைரெக்ஸ் குளவி பயம். 1994-இல் கேப் பக்கம் தலைகாட்டி, 2002-இல் குவாசூலு-நட்டாலுக்கு வந்து சேர்ந்த சனியன். பெண் குளவி மரத்தைத் துளைத்து முட்டை, பூஞ்சை, நச்சுச் சளி மூன்றையும் உள்ளே இறக்கும். மரம் சாகும், புழு கொழுக்கும்.

ஒரு சர்வே நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்து, மே மாதம் வந்தார்கள். தம்பி ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டு, லேப்டாப்பில் 61 சிவப்புப் புள்ளிகளைக் காட்டி, "எல்லாமே குளவிதான் அங்கிள்" என்றார். மாமா கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்த சூலு இனப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மாமா அவரை 'பாபா' என்றுதான் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு மரத்தடியாகப் போனார். நுனி மட்டும் கருகியிருந்தால், கிளையின் மேல்பக்கத் தழும்பைத் தடவிக் காட்டுவார்: ஆலங்கட்டி அடித்த காயம், அதில் டிப்லோடியா பூஞ்சை புகுந்திருக்கிறது. குளவி இல்லை. நெருக்கத்தில் வெயில் கிடைக்காமல் தவித்து ஒல்லியாய் நின்றவைதான் நிஜமான நோயாளிகள். பட்டையெங்கும் பிசின் முத்து முத்தாக வழிந்திருந்தது. ஒன்றைச் சாய்த்துப் பிளந்தார். புழு போன வழியெல்லாம் கடலைமாவைத் திணித்தது போல மரத்தூள். அதன் முடிவில் வெள்ளைப் புழு, வால் நுனியில் கறுப்பாய் ஒரு முள். போன வருஷமே செத்த மரத்தில் குளவி வெளியேறிய ஓட்டைகள், துளைக்கருவி போட்டது போல அத்தனை வட்டம்.

61-இல் குளவி 14 மட்டுமே. ஆனால் இன்னும் பச்சையாக நின்ற ஐந்து மரங்களிலும் பிசின் முத்து இருந்தது. அது மேலேயிருந்து எப்படித் தெரியும்?

4,800 ரேண்ட் கொடுத்தோம். ரிப்போர்ட் 23 பக்கம், அதில் 18 ட்ரோன் படம். உருப்படியான யோசனை அரைப் பக்கம்: ஒல்லி மரங்களைக் கழித்து இடைவெளி விடு, நூற்புழுவை மரத்துக்குள் ஏற்று. அந்த நூற்புழு பெண் குளவியின் முட்டைக்குள் புகுந்து மலடாக்கிவிடுமாம்.

அடுத்த வருஷம் பாபாவை மட்டும் அனுப்புவீர்களா என்று கேட்டேன். ட்ரோன் பேக்கேஜோடுதான் வருவாராம்.