666: நடந்து முடிந்ததா, இனி வரப்போவதா?

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. அதில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை முதல் நூற்றாண்டு ரோமைப் பற்றியவை, நடந்தும் முடிந்தவை என்பது ஒன்று. 4-ஆம் அதிகாரம் முதல் எல்லாமே உலக முடிவில்தான் நடக்கும் என்பது மற்றது.

அந்த நூலில் வரும் கொடிய மிருகத்தின் எண்ணான 666-ஐயே எடுத்துக்கொள்வோம். முதல் கட்சிக்கு அது ரோமப் பேரரசன் நீரோ. 'நேரோன் கேசர்' என்று எபிரெய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் சரியாக 666 வரும். 'நேரோன்' என்பதில் கடைசி 'ன்' இல்லாத லத்தீன் வடிவத்தை அதே எழுத்தில் எழுதிக் கூட்டினால் 616, சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த 616-தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மிருகத்தின் ஏழு தலைகளும் ஏழு மலைகள் என்று 17-ஆம் அதிகாரமே சொல்கிறது, ரோமோ ஏழு குன்றுகளின் நகரம்.

இரண்டாவது கட்சிக்கு அது இனி வரப்போகும் அந்திக்கிறிஸ்துவின், அதாவது கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புபவனின் அடையாளம். தொல்லை என்னவென்றால், ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்: போப், நெப்போலியன், ஹிட்லர், அப்புறம் பார்கோடு, தடுப்பூசி வரை வந்தாயிற்று!

அதற்காக முதல் கட்சிக்கே முழு மார்க் போடவும் முடியாது. நீரோ இறந்தது கி.பி. 68-இல், ஆனால் பின்னால் வந்த பேரரசன் டொமிஷியன் காலத்தில், சுமார் 95-இல்தான் நூல் எழுதப்பட்டது என்பது பல அறிஞர்களின் கருத்து. தவிர, மரித்தோர் எழுந்து நியாயத்தீர்ப்புக்கு நிற்பதும், இனி மரணமே இல்லை என்பதும் எந்த நூற்றாண்டில் நடந்தது? அதனால் 19-ஆம் அதிகாரம் வரை ரோமை மனதில் வைத்தும், 20-ஆம் அதிகாரத்திலிருந்து எதிர்காலமாகவும் படிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.