டோக்கன் முதலில், வேடிக்கை அப்புறம்: நியூயார்க்கில் ஒரு மகள்கள் கடை

உள்ளே நுழைந்ததும் டோக்கன் எடுக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. நான் பாட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி முன்னால் வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் கையிலிருந்த சீட்டைத் தூக்கிக் காட்டி ஜாடை செய்த பிறகுதான் உறைத்தது. அப்புறம் டோக்கனும் எடுத்தேன், சுவரில் இருந்த பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே என் நம்பர் கூப்பிட்டதைக் கோட்டையும் விட்டேன். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

நான் சொல்வது ரஸ் அண்ட் டாட்டர்ஸ். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், 179, ஈஸ்ட் ஹவுஸ்டன் தெரு. (ஹூஸ்டன் என்று சொன்னீர்களோ, வெளியூர் ஆள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.) எஃப் ரயிலில் செகண்ட் அவென்யூவில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஹோட்டல் என்று நினைத்துப் போகாதீர்கள், உள்ளே உட்கார மேஜை கிடையாது. இந்த மாதிரிக் கடைக்கு அப்பெடைசிங் கடை என்று பெயர். யூத உணவு முறையில் இறைச்சியையும் பால் பொருளையும் சேர்க்கக் கூடாது, ஆனால் மீன் அந்தக் கணக்கில் இறைச்சி ஆகாது. அதனால் இறைச்சிக்கு டெலி, மீனுக்கும் க்ரீம் சீஸுக்கும் இது என்று தனித்தனிக் கடைகள் வந்தன.

சரி, பெயருக்கு வருவோம். என்னை இங்கே இழுத்ததே அந்தப் பலகைதான். உலகம் முழுக்கக் கடைப் பலகையில் 'அண்ட் சன்ஸ்' பார்த்துப் பழகிய கண்ணுக்கு 'அண்ட் டாட்டர்ஸ்' என்பது சட்டென்று இடறும். ஜோயல் ரஸ் 1907 வாக்கில், இப்போது போலந்தில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். அக்கா முன்பே வந்து ஹெர்ரிங் மீன் விற்றுக்கொண்டிருந்தார், அவருக்கு ஒத்தாசையாகத்தான் தம்பி கப்பல் ஏறினார். காய்ந்த காளானைச் சரமாகக் கோத்துத் தோளில் போட்டு விற்று, காசு சேர்த்துத் தள்ளுவண்டி வாங்கி, 1914-ல் ஆர்ச்சர்ட் தெருவில் கடை போட்டார். சில வருடங்களில் இப்போதைய இடத்துக்கு வந்துவிட்டார்.

ஆண் வாரிசு இல்லை. ஹாட்டி, ஐடா, ஆன் என்று மூன்று பெண்கள். பள்ளியில் படிக்கிற வயதிலேயே, லீவு நாளில் ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் கையை விட்டு ஹெர்ரிங் எடுத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. 1930களில் மூவரையும் பங்குதாரர்களாக்கிப் பலகையை மாற்றினார் அப்பா. அமெரிக்காவிலேயே பெயரில் மகள்களைச் சேர்த்துக்கொண்ட முதல் கடை இதுதான் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். இதைப் பெண்ணுரிமைக் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியாள் வைத்தால் செலவு, வீட்டில் ஆறு கைகள் இருந்தன, வேலை வாங்கினார். போதாததற்கு, மனிதருக்கு வாடிக்கையாளர்களிடம் பொறுமையே கிடையாதாம், பேரம் பேசினால் எரிந்து விழுவாராம். கவுன்ட்டரில் பெண்கள் சிரித்த முகத்தோடு நின்றதால்தான் வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். ஆனாலும் கடைசி வரை எடுபிடியாகவே வைத்திருக்காமல் பங்கு கொடுத்தாரே, அந்த ஒன்றுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மாப்பிள்ளைகள் மூன்று பேரும் அதே கடையில் கத்தி பிடித்தார்கள். இந்த வீட்டில் பெண் எடுத்தால் மீன் நறுக்கவும் பழக வேண்டும் போல. அப்புறம் ஆனின் மகன் மார்க், வக்கீல் வேலையை விட்டுவிட்டு 1978-ல் கடைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இப்போது நடத்துவது அவருடைய மகள் நிக்கியும் சகோதரி மகன் ஜோஷும். ஜோஷ் என்ஜினியராக இருந்தவர். பிள்ளை படித்து வக்கீலாகவோ என்ஜினியராகவோ ஆகிவிட்டால் இந்த மீன் நாற்றத்தோடு மாரடிக்க வேண்டாம் என்றுதானே பிழைக்க வந்தவர்கள் ராப்பகலாக உழைப்பது? இங்கே படித்து முடித்த பிள்ளைகளே திரும்பி வந்து ஏப்ரன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மீனுக்கு வருகிறேன். என்னைக் கவனித்தவர் நீளமான, மெல்லிய, வளைந்து கொடுக்கிற கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து சால்மனை அறுத்தார். ஒவ்வொரு துண்டும் தாளில் வந்து விழும்போது அடியில் இருக்கும் தாள் மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவு மெல்லிசு. அவசரமே இல்லை. பின்னால் இருபது பேர் நிற்கிறார்களே என்று எனக்குத்தான் பதற்றம். முதல் துண்டை ருசி பார்க்கக் கொடுத்தார், அதிலேயே நான் விழுந்துவிட்டேன். காஸ்பே நோவா என்று கேட்டு வாங்குங்கள், புகை போட்ட சால்மன் வகை அது, லேசான புகை வாசம், வெண்ணெய் மாதிரி கரைகிறது. லாக்ஸ் என்று கேட்டால் வேறு கிடைக்கும். அது புகை போடாத, உப்பில் ஊறிய சால்மன் வயிற்றுப் பகுதி, கரிக்கும். அந்த உப்பைத் தணிக்கத்தான் க்ரீம் சீஸே கூட வந்தது போலிருக்கிறது. கருவாடு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதுவும் பிடித்தது, ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். க்ரீமில் ஊறிய ஹெர்ரிங் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். இரண்டாவது வாயில்தான் பிடிபடும், முதல் வாயோடு நிறுத்திவிடாதீர்கள்.

என் மனைவி மீன் தொட மாட்டாள். அவளுக்குக் கவலையில்லை, உலர்ந்த பழம், சாக்லேட், ஹல்வா என்று எதிர்ப்பக்கம் தனி உலகம். ஹல்வா என்றதும் கோதுமையை நினைக்காதீர்கள், இது எள்ளில் செய்தது, எள்ளுருண்டைக்குப் பணக்காரச் சித்தப்பா. நடுவில் ஓட்டையுள்ள வளைய ரொட்டியான பேகலை எல்லோரும் வாங்குவார்கள், நீங்கள் பியாலி வாங்கிப் பாருங்கள். ஓட்டை இல்லை, நடுவில் குழி, குழியில் வெங்காயம்.

விலை அதிகம்தான், சந்தேகமே இல்லை. கால் பவுண்டாக வாங்கினால் நாலு வகை ருசி பார்க்கலாம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றால் 127, ஆர்ச்சர்ட் தெருவில் 2014-ல் திறந்த அவர்களுடைய கஃபே இருக்கிறது. சனி, ஞாயிறும் யூதப் பண்டிகைக்கு முந்தைய நாட்களும் கூட்டம் நெரியும், வார நாளில் காலையில் போய்விடுங்கள்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அறைக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் விரலில் ஹெர்ரிங் வாசம் போகவில்லை. ரஸ்ஸின் மூன்று பெண்களும் திங்கட்கிழமை காலையில் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ.