பள்ளியிடம் எதைக் கேட்பது என்று சொல்லித்தரும் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்புரை

சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்கு மதிப்பீட்டு அறிக்கையை விளக்குவது, பள்ளிக்குக் கடிதம் எழுதித் தருவது, ஒரு குழந்தைக்கென்றே பள்ளி எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை வகுக்கும் கூட்டத்துக்கு உடன் வருவது ஆகியவற்றைச் செய்யும் ஓர் ஆலோசனைச் சேவையை, டிஸ்லெக்சியா (சொற்களை வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடரும் சிரமம்) உள்ள எங்கள் மகளுக்காகப் பயன்படுத்தினோம். ஸ்பீச் தெரபியோ ஆக்குபேஷனல் தெரபியோ தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

கொடுத்த கட்டணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது அறிக்கையை விளக்கிய அமர்வில்தான். உளவியலாளர் தரும் அறிக்கையின் எண்களைப் பெற்றோர் பலர் தேர்வு மதிப்பெண்களைப் போலவே படித்துவிடுகிறார்கள். நுண்ணறிவுச் சோதனைகளிலும் வாசிப்புச் சோதனைகளிலும் பெரும்பாலானவை, ஒரே வயதுக் குழந்தைகளின் சராசரியை 100 என்றும், எண்கள் அதிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தை 15 என்றும் கொண்டு அமைந்தவை. ஆகவே அறிக்கையில் 85 என்று இருந்தால், அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ 84 பேர் அந்தக் குழந்தைக்கு மேலே இருக்கிறார்கள் என்று பொருள். மொத்த எண் சராசரியாக இருக்கும்போது உதவி எதற்கு என்று பள்ளி கேட்கும் என்பதையும், அப்போது ஒலிகளைப் பிரித்தறிதல், சொற்களை வாசித்தல் ஆகிய உட்பிரிவுகளில் உள்ள எண்களைத்தான் காட்ட வேண்டும் என்பதையும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார்.

திட்டத்தின் இலக்குகளைச் சரிபார்த்துத் தந்ததும் பயனுள்ளதாக இருந்தது. 'வாசிப்பில் முன்னேற்றம் காண்பாள்' என்று எழுதினால் ஆண்டு முடிவில் எவரும் எதையும் அளக்க முடியாது. இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறாள், எத்தனையை எட்ட வேண்டும், யார் எப்போது சோதிப்பார் என்று எழுதினால்தான் அது இலக்கு. அதேபோல, தேர்வில் கூடுதல் நேரம் தருவதும் வினாத்தாளை வாசித்துக் காட்டுவதும் பாடத்தை மாற்றாத சலுகைகள். பாடத்தையே குறைப்பது அப்படியன்று, பின்னாளில் எந்தத் தேர்வை எழுத முடியும் என்பதையே அது பாதிக்கலாம். இரண்டும் ஒரே பட்டியலில் கலந்திருந்த எங்கள் வரைவில், கையெழுத்திடும் முன் இவற்றைப் பிரித்து எழுதச் சொன்னார்கள். இந்த ஓர் ஆலோசனையைப் பள்ளியே தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடிதங்கள்தான் ஏமாற்றம். எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வார்ப்பு. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளில் சேர்க்க வலியுறுத்தும் 1994ஆம் ஆண்டின் சலமாங்கா அறிக்கையையும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையில் கல்வி உரிமையைச் சொல்லும் 24ஆவது பிரிவையும் முதல் பத்தியிலேயே அடுக்கிவிட்டு, குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் ஒரு வரியில் முடிக்கிறார்கள். அவை முக்கியமான ஆவணங்கள்தாம். ஆனால் வகுப்பாசிரியர் அதைக் கடிதமாகப் படிக்க மாட்டார், வக்கீல் நோட்டீசாகவே படிப்பார். நாங்கள் அதை ஒதுக்கிவிட்டு, கேட்பதைத் தேதியுடன் சுருக்கமாக எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொண்டோம்.

இன்னொரு குறை, இவர்களின் படிவங்கள் எதிலும் குழந்தையின் விருப்பத்தை அறிய ஒரு கேள்விகூட இல்லை என்பது. சிறப்பாசிரியரின் பயிற்சிக்காகத் தனக்குப் பிடித்த பாடவேளையில் வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்படுவதை எந்தக் குழந்தையும் விரும்பாது. அந்த நேரத்தை எங்கே வைப்பது என்று எங்கள் மகளிடம் நாங்களாகவே கேட்டுத்தான் கூட்டத்தில் சொன்னோம். திட்டம் கையெழுத்தான பின் அது நடக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்புக்குத் தனிக் கட்டணம் என்பதையும் சேரும்போதே தெளிவாகச் சொல்வதில்லை.

அறிக்கை கையில் இருந்தும் பள்ளியிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கு, விளக்க அமர்வையும் இலக்குகளைச் சரிபார்ப்பதையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுத் தொகுப்பாக வாங்க வேண்டியதில்லை; இவ்விரண்டையும் தனித்தனியாகவே பெறலாம்.